பழைய காரிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் காலம்: கிட் காரில் பொருத்துவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தையும் உடற்கூட்டையும் தொகுப்பாக வாங்கியோ தாமே செய்தோ, எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் முதலியவற்றை ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் பூட்டிக் கட்டப்படும் வண்டியைக் கிட் கார் என்கிறோம். புதுச்சேரியிலும் கடலூரிலும் இத்தகைய வண்டியைத் தம் இடத்தில் ஓட்டிப் பார்ப்பதற்காகக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். போட்டிக்காக வண்டி தயாரிக்கும் பொறியியல் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் விவாதிக்கும் இவர்களில் பலர், ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கும் தூணான ஸ்டீயரிங் காலம் (column) என்று வரும்போது, “அது ஒரு ராடுதானே, நீளம் சரியாக இருந்தால் போதும்” என்று சொல்லி, சென்னைப் புதுப்பேட்டையிலோ உள்ளூர்ப் பழைய ஸ்பேர் கடையிலோ கையில் கிடைத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள். அது வெறும் ராடு அன்று என்பதையும், கடையில் நல்லதாகத் தோன்றும் ஒன்று உண்மையில் தன் முக்கியமான வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டதாக இருக்கலாம் என்பதையும் விளக்கவே இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் தனியொருவர் கட்டிய காரைப் பொதுச்சாலைக்குக் கொண்டுவருவது எளிதன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆகவே இங்கே சொல்லப்படுபவை தனியார் இடத்திலும் போட்டித் தடத்திலும் ஓடும் வண்டிகளுக்கானவை. அங்கும் ஓட்டுபவரின் நெஞ்சுக்கு நேரே இருப்பது இதே பாகம்தான்.

ஸ்டீயரிங் காலத்தில் என்னென்ன இருக்கின்றன?

ஓட்டுநர் பிடிக்கும் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் ரேக் வரையிலான இணைப்பை எண்ணிப் பாருங்கள். ரேக் என்பது முன்சக்கரங்களுக்கு இடையே குறுக்காகக் கிடக்கும் பல் வெட்டிய தண்டு. அதன் மீது சுழலும் சிறிய பல்சக்கரம் பினியன். ஸ்டீயரிங் சக்கரத்தின் சுழற்சியைப் பினியனுக்குக் கொண்டுசேர்ப்பது ஷாஃப்ட். இந்த ஷாஃப்ட்டின் மேற்பகுதியும், அதைச் சுற்றியுள்ள குழாய் உறையும், உறைக்குள் ஷாஃப்ட்டைத் தாங்கும் மேல், கீழ் பேரிங்குகளும், டேஷ்போர்டின் அடியில் அதைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டும், சாவி லாக்கும், இண்டிகேட்டர் சுவிட்சும் சேர்ந்த முழு அசெம்பிளியே ஸ்டீயரிங் காலம் எனப்படுகிறது. அதன் அடிமுனைக்கும் பினியனுக்கும் நடுவே ஓர் இடை ஷாஃப்ட் உண்டு. அதன் இரு முனைகளிலும் உள்ள, கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுகளை நம் மெக்கானிக்குகள் கிராஸ் ஜாயிண்ட் என்பார்கள்.

திருகினால் இறுகவும், தள்ளினால் சுருங்கவும்

இந்த அசெம்பிளிக்கு மூன்று வேலைகள் உள்ளன. சுழற்சியைத் தளர்வின்றிக் கடத்துவது முதல் வேலை. சக்கரத்தை ஓட்டுநரின் கைக்கு எதிரே அசையாமல் நிறுத்துவது இரண்டாவது. இவ்விரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மோதலின்போது நீளவாக்கில் சுருங்கிக்கொடுப்பது மூன்றாவது வேலை. பலரும் அறியாததும், பழைய பாகம் வாங்கும்போது உயிர்நாடியாக அமைவதும் இதுதான்.

வளையாத ஒரே தண்டாக இருந்த பழைய கால ஸ்டீயரிங்குகளில், வண்டியின் முகப்பு மோதி உள்வாங்கும்போது அத்தண்டு ஈட்டியைப் போல ஓட்டுநரை நோக்கிப் பாய்ந்தது. அமெரிக்காவில் 1968 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகள், ஏறத்தாழ 48 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் சோதனையில் அசெம்பிளியின் மேல்முனை 127 மி.மீ.க்கு மேல் பின்னோக்கி நகரக் கூடாது என வரையறுத்தன. பின்னர் பிற நாடுகளும் இதையொத்த விதிகளைக் கொண்டுவந்தன. இந்தியாவில் வாகனத் தொழிலுக்கான ஏ.ஐ.எஸ். 096 என்னும் தரவிதி இதே பொருளைப் பற்றியது.

சுழற்சிக்கு இறுகவும் தள்ளலுக்குச் சுருங்கவும் ஒரே பொருளால் எப்படி முடிகிறது? ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்தட்டை நீளவாக்கில் தள்ளினால் அது உறைக்குள் வழுக்கிச் செல்கிறது. உறையைப் பிடித்துத் திருகினாலோ உள்தட்டும் சேர்ந்தே திரும்புகிறது, ஏனெனில் அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லை. இனி, தட்டைப் பாதி இழுத்த நிலையில் தட்டையும் உறையையும் சேர்த்து ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஒட்டுங்கள். மெதுவாகத் தொட்டால் தட்டு நகராது. ஓங்கித் தள்ளினால் காகிதம் கிழிந்து தட்டு உள்ளே போய்விடும். அதன் பின் தட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவைத்தால் பெட்டி முன்போலவே தோன்றும். ஆனால் காகிதம் கிழிந்தது கிழிந்ததுதான்.

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டிலும் இதுவே நிகழ்கிறது. ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு துண்டுகளாக அமைந்த அதன் குறுக்குவெட்டு, இருபுறம் தட்டையாகவோ பல் வெட்டப்பட்டோ இருக்கும். பல வடிவமைப்புகளில் அவ்விரு துண்டுகளையும் ஒன்றாகப் பிடித்திருப்பவை சிறிய பிளாஸ்டிக் பின்கள். அவைதாம் அந்தக் காகிதத் துண்டு. மோதலில் முகப்பு உள்வாங்கி ஷாஃப்ட்டின் அடிமுனை தள்ளப்படும்போது பின்கள் அறுந்து ஷாஃப்ட் சுருங்குகிறது. அடுத்த கணம் ஓட்டுநரின் நெஞ்சு சக்கரத்தின் மீது மோதும்போது, மேல் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் கேப்ஸ்யூல்கள் விடுபட்டு அசெம்பிளி முழுவதும் முன்னோக்கி நகர்கிறது. போல்ட் நுழையும் இடத்தில் பிராக்கெட்டின் திறந்த வாய்க்குள் செருகப்பட்டிருக்கும் உலோக அல்லது பிளாஸ்டிக் கட்டைகளே கேப்ஸ்யூல்கள்; போல்ட் தன் இடத்திலேயே நிற்க, பிராக்கெட் மட்டும் அவற்றிலிருந்து நழுவுமாறு அவை அமைக்கப்பட்டிருக்கின்றன.

இதுவரை கண்டதன் சாரம் இது: நல்ல ஸ்டீயரிங் காலம் திருகலுக்கு இம்மியும் விட்டுக்கொடுக்காது, நெடுக்குத் தள்ளலுக்கு ஒரே ஒருமுறை விட்டுக்கொடுக்கும். அந்த ஒருமுறை முடிந்துவிட்ட பாகத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

முடிந்தவரை, காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். முகப்பு நசுங்கிய காரின் ஸ்டீயரிங் காலத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் தொடவே மாட்டேன். பின்புறம் மோதப்பட்டதாலோ வயதானதாலோ உடைப்புக்கு வந்த காரே நமக்கு ஏற்றது. ஏற்கெனவே கழற்றிக் குவித்துவைத்ததிலிருந்து எடுக்க நேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியவை கேப்ஸ்யூல்கள். பிராக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, இரு புறமும் கேப்ஸ்யூல் தன் வாயின் அடிவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு புறம் நகக்கண் அளவு இடைவெளி இருந்தாலும், அங்கே புதிதாக உராய்ந்த பளபளப்பு தெரிந்தாலும், அது நகர்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, அதே மாடலில் மோதல் காணாத இன்னொரு காரில் உறையின் நீளத்தையும் ஷாஃப்ட்டின் மொத்த நீளத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஷாஃப்ட்டின் இரு துண்டுகளையும் பிடித்து நெடுக்காக இழுத்துத் தள்ளும்போது “டக் டக்” என்று ஆடினால் பிளாஸ்டிக் பின்கள் போய்விட்டன. தானே நீளம் மாறும்படி செய்யப்பட்ட இடை ஷாஃப்ட்டுகளும் உண்டு என்பதால், எந்த மாடலில் எது நழுவ வேண்டும், எது நழுவக் கூடாது என்பதை அந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

இங்கே மிகப் பரவலாக நடக்கும் ஒரு தவறைக் குறிப்பிட்டாக வேண்டும். ஸ்டீயரிங் சக்கரம் ஷாஃப்ட்டின் நுனியில் ஸ்ப்ளைன் எனப்படும் நுண்பற்களின் மீது இறுகி உட்கார்ந்திருக்கும். அதை எடுப்பதற்காக நட்டைத் தளர்த்தி, ஷாஃப்ட் நுனியில் சுத்தியால் ஓங்கி அடிப்பது பல இடங்களில் வழக்கம். அந்த அடி நேராகப் பிளாஸ்டிக் பின்களின் மீதுதான் இறங்குகிறது. மோதலே காணாத அசெம்பிளியும் இப்படிக் கழற்றும்போது கெட்டுவிடலாம். புல்லர் என்னும் இழுப்புக் கருவியைப் போட்டு இழுப்பதே முறை. நுனி காளான் போல விரிந்திருந்தாலும், மரை நசுங்கியிருந்தாலும், அடி வாங்கியிருக்கிறது என்று கருதி அதை ஒதுக்கிவிடுங்கள்.

மற்றச் சோதனைகள் எளியவை. ஷாஃப்ட்டை மெதுவாகச் சுழற்றி, அதன் முனை ஒரு நிலையான கம்பி நுனியிலிருந்து விலகி நெருங்குகிறதா என்று பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். லேத் பட்டறையில், நுண்ணிய விலகலையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் துல்லியம். ஸ்ப்ளைன் பற்கள் கூர்மழுங்கியோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருக்கக் கூடாது. கிராஸ் ஜாயிண்ட்டை இரு திசைகளிலும் மடக்கினால் எங்கும் சிக்காமல், எங்கும் லூசாக ஆடாமல் நகர வேண்டும். எந்த இடத்திலாவது வெல்டிங் தழும்பு இருந்தால் பேரமே பேச வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியின் பாகங்கள்

நம் கடற்கரைக்கு உரிய ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ என்னும் புயல் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் பல பகுதிகளில் புகுந்தது. இவ்வாறு நீரில் நின்ற கார்களில் ஒரு பகுதி இறுதியில் உடைப்புக் கடைகளுக்கே வந்துசேர்கிறது. மோதல் தடம் எதுவும் இல்லாததால் அவற்றின் பாகங்கள் பார்வைக்கு மிக நன்றாக இருக்கும்.

நீர் முதலில் அழிப்பது கீழ் பேரிங்கையும் கிராஸ் ஜாயிண்ட்டின் ஊசி பேரிங்குகளையும். ஒரு வெள்ளைத் துணியை ஷாஃப்ட்டைச் சுற்றிக் கீழ் பேரிங்கின் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு முறை சுழற்றிப் பாருங்கள். கருநிறக் கிரீஸ் ஒட்டினால் நல்லது. செங்காவி நிறத் தூளோ நெருநெருவென்ற வண்டலோ வந்தால் உள்ளே துரு பிடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனிகளால் சுழற்றினால், மணல் அரைபடுவது போன்ற உணர்வு கேட்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். சுவிட்சுகளின் பிளக் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்றும், உறையின் உட்புறத்தில் வண்டல் கோடு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பேரிங்கை மாற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் துரு, நழுவ வேண்டிய துண்டுகளுக்கு இடையேயும் இறங்கியிருந்தால், சுருங்க வேண்டிய நேரத்தில் அவை ஒட்டிக்கொண்டு நிற்கும். இதை வெளியிலிருந்து கண்டறிய எளிய வழி இல்லை. ஆகவே நீரில் நின்றது என்று தெரிந்தால் வாங்காதிருப்பதே என் முடிவு.

சாவி லாக், ஏர்பேக், மோட்டார்

சாவியை உருவியதும் ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் ஓர் உலோக நாக்கு இறங்கிச் சக்கரத்தைப் பூட்டுகிறது. வண்டி ஓடும்போது இந்த நாக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே சாவி இல்லாத அசெம்பிளியை வாங்கி, லாக்கை உடைத்து, அரைகுறையாக விட்டுவைப்பது மிக ஆபத்தானது. சாவியைப் போட்டுத் திருப்பும் ஒவ்வொரு முறையும் நாக்கு முழுவதும் பின்வாங்குகிறதா என்றும், ஓடும் நிலையில் சாவி உருவ வருகிறதா என்றும் சோதித்துப் பாருங்கள். ஓடும் நிலையில் சாவி கையோடு உருவ வந்தால் லாக் தேய்ந்துவிட்டது.

ஏர்பேக் உள்ள சக்கரத்தை அப்படியே கிட் காருக்குக் கொண்டுபோக வேண்டாம். எந்த வேகக் குறைவில், எந்தக் கணத்தில் விரிய வேண்டும் என்பது அந்தக் காரின் உடலமைப்புக்கே கணக்கிடப்பட்டது. வேறொரு சேஸிஸில் அந்தக் கணக்கு செல்லாது. அதற்குள் வெடித்து வாயுவை உண்டாக்கும் மருந்து இருப்பதால், அதைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும்.

இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில், கையின் பலத்தைக் குறைப்பதற்கான மின் மோட்டார் ஸ்டீயரிங் காலத்தின் மீதே பொருத்தப்பட்டிருக்கிறது. அது வண்டியின் வேகம் முதலிய தகவல்களைக் காரின் கணினியிடமிருந்து பெற்று இயங்குவது. கிட் காரில் அந்தத் தகவல்கள் இல்லாவிட்டால் மோட்டார் உதவாமல் போகலாம். எடை மட்டும் மிஞ்சும். எடை குறைந்த வண்டியைக் கட்டும் தொடக்கக்காரர், மாருதி 800 போன்ற மோட்டார் இல்லாத எளிய அசெம்பிளியைத் தேடுவதே பொருத்தம்.

சுருக்கமாக, வாங்கும் நிலையில் நாம் கேட்கும் கேள்விகள் மூன்று: இது ஏற்கெனவே சுருங்கியதா, இது நீரில் நின்றதா, இதன் லாக் நம்பத்தக்கதா? இம்மூன்றிலும் திருப்தி கிடைத்த பிறகே நீளமும் விலையும்.

எங்கே, எதன் மீது பொருத்துவது?

முதலில் இருக்கையைப் பொருத்துங்கள். ஓட்டப்போகிறவர் அதில் உட்காரட்டும். அவர் முதுகைச் சாய்த்தபடி, முழங்கை சற்றே மடிந்த நிலையில் பிடிக்கும் இடத்தில் சக்கரம் வர வேண்டும். தொடைக்கும் சக்கரத்துக்கும் இடையே கால் தாராளமாக நகர வேண்டும். அந்த இடம் முடிவான பிறகே பிராக்கெட் எங்கே வரும் என்று குறிக்க வேண்டும். பிராக்கெட்டை முதலில் வெல்ட் செய்துவிட்டு, பிறகு இருக்கையை நகர்த்திச் சரிக்கட்டுவது வேலையைத் தலைகீழாகச் செய்வதாகும்.

அசெம்பிளியைத் தாங்குவது ஃபைபர் டேஷ்போர்டாக இருக்கக் கூடாது. சேஸிஸின் இரு பக்கங்களையும் இணைக்கும் எஃகுக் குறுக்குக் குழாய் ஒன்று வேண்டும்; அது மேலும் கீழும் துள்ளாதபடி சாய்வுத் தாங்கியும் வேண்டும். சக்கரத்தைப் பிடித்து, எழுந்திருக்க ஊன்றுவது போல இழுத்தாலும் அழுத்தினாலும் குழாய் அசையக் கூடாது.

கேப்ஸ்யூல்கள் இருக்கும் மேல் பிராக்கெட்டை அதற்குரிய அளவுள்ள போல்ட்டுகளால், கையேடு சொல்லும் முறுக்கத்தில் பூட்ட வேண்டும். ஆட்டம் இருக்கிறது என்பதற்காக அதைச் சுற்றி யூ கிளாம்ப் போட்டு இறுக்குவதும், கேப்ஸ்யூலையும் பிராக்கெட்டையும் சேர்த்து ஒரு பொட்டு வெல்டிங் வைப்பதும், தீப்பெட்டியின் தட்டை உறையோடு பசை போட்டு ஒட்டுவதற்குச் சமம். அசெம்பிளி முன்னோக்கி நகர வேண்டிய வழியில் பெடல் பாக்ஸோ பிரேக் சிலிண்டரோ வயர் கட்டோ குறுக்கே நிற்காதவாறு இடம் விடுவதும் இதன் ஒரு பகுதியே.

கிராஸ் ஜாயிண்ட்டின் கோணம்

கிட் காரில் சக்கரமும் பினியனும் ஒரே நேர்கோட்டில் அமைவது அரிது. எஞ்சினும் எக்ஸாஸ்ட்டும் குறுக்கே வரும். எனவே இடை ஷாஃப்ட் இரண்டு இடங்களில் மடங்கும். இந்த மடக்கம் நல்லதே, ஏனெனில் மோதலில் தண்டு நேராகப் பாய்வதற்குப் பதிலாக மூட்டுகளில் மடிந்துபோகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

மடங்கிய நிலையில் சுழலும் கிராஸ் ஜாயிண்ட், ஒருபுறம் சீராகச் சுழற்றினாலும் மறுபுறம் சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறைகிறது. மடக்கக் கோணம் 30 பாகையாக இருந்தால், மறுபுறத்தின் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஊசலாடும். ஓட்டுபவருக்கு இது, சக்கரத்தைத் திருப்பும்போது ஓரிடத்தில் கனமாகவும் அடுத்த இடத்தில் இலகுவாகவும் இருப்பதாகத் தெரியும். பலர் இதை ரேக் கெட்டுவிட்டதாக எண்ணி ரேக்கை மாற்றுகிறார்கள்.

இதற்குத் தீர்வு, இரண்டாவது மூட்டைக் கொண்டே முதல் மூட்டின் ஏற்றத்தாழ்வை ஈடுசெய்வது. மூன்று ஷாஃப்ட்டுகளும் ஒரே தளத்தில் அமைந்து, இரு மூட்டுகளின் கோணமும் சமமாக இருந்து, இடை ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் மூட்டைப் பிடித்திருக்கும் இருகிளைக் கவட்டைகள் ஒரே திசையை நோக்கி இருந்தால், ஒன்று கூட்டுவதை மற்றொன்று குறைத்துவிடும். ஒரு கவட்டை மற்றதற்குக் கால் சுற்றுத் தள்ளிப் பூட்டப்பட்டால் ஈடு நடப்பதற்கு மாறாகப் பிழை பெருகும்: அதே 30 பாகையில் வேகம் முக்கால் மடங்கிலிருந்து ஒன்றேகால் மடங்கைத் தாண்டி 1.33 வரை போகும். ஸ்ப்ளைனில் எந்தப் பல்லிலும் ஏறிவிடும் என்பதால் இந்தத் தவறு மிக எளிதில் நேர்கிறது. கழற்றுவதற்கு முன்பே கவட்டைகளின் நிலையைப் பெயிண்ட் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோணம் 30 பாகையைத் தாண்டாமல் அமைக்க முடியாவிட்டால் மூன்றாவது மூட்டு தேவைப்படும். அப்போது இடையில் ஒரு தாங்கு பேரிங் இல்லாமல் ஷாஃப்ட் சாட்டை போலத் துள்ளும். எக்ஸாஸ்ட் குழாய்க்கு மிக அருகே மூட்டு வந்தால் சூட்டில் கிரீஸ் உருகி வற்றிவிடும். அங்கே வெப்பத் தடுப்புத் தகடு வைக்க வேண்டும்.

நீளம் பொருந்தாவிட்டால்

அறுத்து வெல்ட் செய்வதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஷாஃப்ட்டின் எஃகு குறிப்பிட்ட வெப்பப் பதம் செய்யப்பட்டது. வெல்டிங் சூடு அதன் பதத்தை மாற்றி, வெல்ட் செய்த இடத்துக்கு அருகில் முறியக்கூடிய பகுதியை உண்டாக்குகிறது. அது வண்டி நிற்கும்போது தெரியாது. முழு பலத்தோடு திருப்பும் வளைவில் தெரியும். உறையையும் நழுவும் ஷாஃப்ட்டையும் அறுக்காமல் விட்டுவிட்டு, இடை ஷாஃப்ட்டை மட்டும் தேவையான நீளத்தில் மாற்றிக்கொள்வதே சரியான வழி. ஸ்ப்ளைனின் பல் எண்ணிக்கையும் விட்டமும் பொருந்தும் வேறொரு மாடலின் இடை ஷாஃப்ட் கிடைக்கலாம். இல்லையெனில், ஸ்டீயரிங் பாகங்களையே செய்யும் பட்டறையில், முழுத் துண்டிலிருந்து கடைந்து வாங்க வேண்டும்.

பூட்டுதலும் சோதனையும்

கிராஸ் ஜாயிண்ட்டின் கவட்டை ஸ்ப்ளைன் மீது ஏறியதும், பக்கவாட்டில் ஒரு போல்ட் அதை இறுக்குகிறது. ஷாஃப்ட்டில் அந்த போல்ட்டுக்காக ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியே செல்வதால்தான், தளர்ந்தாலும் கவட்டை கழன்று போகாது. போல்ட் சிரமமின்றி நுழைய மறுத்தால் கவட்டை முழுவதும் ஏறவில்லை என்று பொருள். சுத்தியால் அடித்து நுழைக்காதீர்கள். பழைய போல்ட்டை மறுபடியும் போடாமல், குறைந்தது 8.8 வலிமைத் தரமுள்ள புதிய போல்ட்டும் நைலான் லாக் நட்டும் பயன்படுத்துங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கம் பொது அளவு. கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி.

ஸ்டீயரிங் சக்கரத்தைப் போடுவதற்கு முன், ரேக்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். அந்த நிலையில் சக்கரம் நேராக உட்கார வேண்டும். பிறகு முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, இரு கோடிகளுக்கும் திருப்பிப் பார்க்கும்போது எங்கும் உரசலோ சிக்கலோ இருக்கக் கூடாது. பிரேக் ஹோஸும் வயரும் ஷாஃப்ட்டைத் தொடக் கூடாது.

அடுத்தது ஆட்டம் பார்ப்பது. வண்டி தரையில் நிற்க, ஒருவர் சக்கரத்தை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டின் மீதும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் கார்களுக்கான ஆண்டுச் சோதனை, ரேக் வகை ஸ்டீயரிங்கில் 380 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 13 மி.மீ. ஆட்டத்தையே எல்லையாக வைத்திருக்கிறது. புதிதாகக் கட்டிய வண்டியில் அதில் பாதிகூட இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

எல்லா நட்டுகளின் மீதும், நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் ஓட்டம் நடை வேகத்தில், ஆளில்லாத திறந்த இடத்தில் நடக்கட்டும். ஏறத்தாழ 50 கி.மீ. ஓடிய பின் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, முறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடியும் சோதித்து, கேப்ஸ்யூல்கள் தம் இடத்தில் உள்ளனவா என்று டேஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும்.